மஞ்சள் தண்ணீர் குடித்த இஞ்சின்

எங்கள் மந்தைவெளி ஃபிளாட்ஸில் எல்லோரும் பாலை வாங்கினோமா, அடுப்பில் வைத்தோமா என்று இருப்போம். தரைத்தள வீட்டு மாமி மட்டும் வாசலிலேயே ஒரு கண்ணாடி ஜாடியில் பாலை ஊற்றி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கிறவரை பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“இன்னா மாமி, இத்தினி வருசமா ஊத்திக்கினு கீறேன். இன்னும் நம்பிக்கை வர்லியா?”

“உன்மேல நம்பிக்கை நிறைய இருக்குப்பா. பாலைத்தான் பாக்கறேன்.”

ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் பரிசோதனைக்கூடத்தில் மாமிக்கு வேலை. மாணவிகள் எழுதிவைத்த விடையை நம்பாமல் குழாயைத் தானே தூக்கிப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்ததா, இந்தப் பழக்கம் இருந்ததால் அந்த வேலைக்குப் போனாரா, தெரியாது. கேஸ் சிலிண்டரை வீட்டுக்குள் எடுக்குமுன் ஒரு பழைய தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார். பூக்காரி முழம் போட்ட மல்லிகையைத் தன் கையால் இன்னொரு தரம் முழம் போடுவார். ‘அவர் சொன்னார்’, ‘இவர் சொன்னார்’ என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் போதும். “சொன்னார் சரி. நீங்க பாத்தேளா?” என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த ஃபிளாட்ஸின் செயலாளர். யாரும் வர மாட்டேன் என்றதால் சீட்டுக் குலுக்கிப் போட்டு என் தலையில் கட்டிய பதவி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டதாக அறிவித்தேன். மாமி டார்ச் விளக்கோடு வந்து, மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து உள்ளே தலையை விட்டார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் மக் மிதந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாமா எப்படிப்பட்டவர் தெரியுமா? யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். ஒரு கம்பெனியில் பொருள் வாங்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கே ஏலம் என்றாலும் போய் நிற்பார். பல் டாக்டர் நாற்காலி ஒன்று அவர் வீட்டு ஹாலில் வெகுநாள் இருந்தது. விருந்தாளிகள் அதில் உட்காரப் பயப்படுவார்கள். கப்பலில் இருந்து இறங்கிய ஒரு சுவர்க்கடிகாரம் எந்த நாட்டு நேரத்தையோ காட்டிக்கொண்டிருந்தது. எதையும் பழுது பார்க்க ஆரம்பிப்பார். எதையும் முடித்ததில்லை.

ஒருநாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் அவர் கொண்டுவந்து இறக்கியதுதான், மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்கார்ந்து தண்ணீரில் ஓட்டுகிற அந்த வாட்டர் ஸ்கூட்டர். மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கடற்கரை விடுதியில் கேட்பாரற்றுக் கிடந்ததாம். சீட் கிழிந்திருந்தது. அடிப்பாகத்து ஃபைபரில் கை நுழைகிற ஓட்டை. இஞ்சினில் உப்பு பூத்துப்போயிருந்தது. கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில், தன் வீட்டு ஜன்னலுக்கு நேரே அதை நிறுத்திவிட்டு மாமா ராஜா மாதிரி நின்றார்.

“இஞ்சின் நன்னா இருக்காம். சின்ன வேலைதான்னு சொன்னான்.”

“சொன்னானா?” என்றார் மாமி. “நீங்க திறந்து பாத்தேளா?”

மாமா என் பக்கம் திரும்பி, “பாத்தேளா செகரட்டரி?” என்று கண்ணடித்தார். மாமி உள்ளே போனபின் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “கல்யாணம் ஆன நாளா இதே கதைதான். ஒரே ஒரு தடவை, நான் சொன்னதை இவ அப்படியே எடுத்துண்டுட்டான்னா, அன்னிக்கே கபாலிக்கு ஒரு தேங்காய் உடைக்கறேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அடுத்த மாதமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர், பேசினால்தானே குழறும் என்று பேச்சையே நிறுத்திக்கொண்டார். பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் முழுக்க வாய் ஓயாமல் பேசித் திரிந்த மனிதர் அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாட்டர் ஸ்கூட்டரின் சீட்டைக் கழற்றி, இஞ்சினுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஃபிளாட்ஸே வேடிக்கை பார்த்தது. மாமிக்கு இஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிப் படகுகளின் மோட்டார்களைப் பார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். அவரும் இந்த மாதிரி இஞ்சினைத் திறந்ததில்லை. படகு மோட்டாருக்கு இது தம்பி முறை என்று ஒரு தைரியம், அவ்வளவுதான். இரண்டு சிலிண்டர். இரண்டிலும் பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

“புட்ச்சிக்கினு கீது மாமி. சுத்தியால ஒரே போடு போட்டா வந்துரும்.”

“உடைஞ்சுட்டா?”

“ஒடையாது, நான் சொல்றேன்ல?”

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமி சுத்தியலை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பிளக் துளை வழியாக டீசலை ஊற்றி ஊறவைத்தார். தினமும் கல்லூரியில் இருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் பெரிய ஸ்பேனரைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் அசைந்தது. இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தார், நிஜம்தானா என்று.

கார்புரேட்டரின் பித்தளைத் துண்டுகளை, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளித்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தார். பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கொஞ்சம் பெரிய அளவு பிஸ்டன்களைக் கண்டுபிடித்து, லேத்தில் கொடுத்து சிலிண்டரை அதற்கேற்றபடி கடைய வைத்தார். அடிப்பாகத்து ஓட்டையையும் ஃபைபர் ஒட்டி அடைக்க வைத்தார். பிஸ்டனுக்கு அடியில் சுழலும் கிராங்க் தண்டு நன்றாக இருக்கிறது, அதைத் தொடவேண்டாம் என்றார் படகு மோட்டார்க்காரர். மாமி கேட்காமல் கழற்றினார். உள்ளே பேரிங் துருவாகக் கொட்டியது. அவர் காதைப் பிடித்துக்கொண்டார். அதே மாமி, ஒன்றுமே கெடாத தண்ணீர் தள்ளும் பகுதியையும் சந்தேகப்பட்டுக் கழற்றி, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினார். சந்தேகத்துக்குக் கண் கிடையாது, எல்லாவற்றின் மேலும்தான் விழும்.

எனக்கு இதெல்லாம் தலைவலி. பெட்ரோல் நாற்றம், எண்ணெய்க் கறை என்று தினம் ஒரு புகார். மாடி வீட்டு ஆடிட்டர்தான் முன்னணியில் நின்றார். ரிடையர் ஆகியும் குற்றம் கண்டுபிடிப்பதை விடாதவர். சங்கக் கூட்டத்தில் பழைய இரும்பை அப்புறப்படுத்தவேண்டும் என்று தீர்மானமே போட்டாயிற்று. சொல்லப் போனவன் நான். பூனைக்கு மணி கட்ட என்னை விட்டால் யார்?

மாமி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், “அந்த ஜன்னலைப் பாருங்கோ. சட்டுனு திரும்பாம பாருங்கோ” என்றார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படுக்கையை விட்டு எழுந்துக்கவே மாட்டேன்னார். நான் இதைக் கழட்ட ஆரம்பிச்ச மூணாம் நாள், சுவரைப் பிடிச்சுண்டு தானா ஜன்னலுக்கு வந்தார். நான் தப்பு ஸ்பேனரை எடுத்தா கம்பியைத் தட்டறார். அதுக்காகவே சில நாள் வேணும்னு தப்பா எடுக்கறேன். இதை எடுத்துட்டா அவர் எதைப் பாக்க எழுந்து வருவார், சொல்லுங்கோ.”

பிறகு, “ஒரு தடவை இதுல அவரை உக்காத்தி வச்சுத் தண்ணியில போகணும் செகரட்டரி. அதுக்கப்புறம் நீங்க இதைக் காயலான் கடைக்குப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன்” என்றார். தீர்மானத்தை நான் கிடப்பில் போட்டேன். அரசாங்கமே செய்கிற காரியம்தானே.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வகை இஞ்சின் ஓடும்போது சூடு தணிய உள்ளே தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கவேண்டும். கடலில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தரையில் வைத்து ஓட்டினால் ரப்பர் குழாய் மாட்டி நாம் விடவேண்டும். நாங்களோ லாரிக்குக் காத்திருந்து குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்த காலம். குளிக்கத் தண்ணீர் இல்லை, இஞ்சினைக் குளிப்பாட்டுவதா என்று ஆடிட்டர் குதித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மாமி வாதாடவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நீல டிரம்மை வைத்து, அடியில் குழாய் பொருத்தி இஞ்சின்வரை இழுத்து, தன் பங்குத் தண்ணீரில் மிச்சம் பிடித்து அதில் சேர்த்தார். சுவரில் சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதியும் வைத்தார்: ‘இஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு.’ இஞ்சின் ஓடாதபோது குழாயைத் திறந்தால், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் புகைக்குழாய் வழியே சிலிண்டருக்குள் ஏறி, பிஸ்டனை நகரவிடாதாம். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து விளக்கினார்.

ஆயுத பூஜை அன்று இஞ்சினை முதல்முறையாக ஓட்டுவது என்று முடிவாயிற்று. வாட்டர் ஸ்கூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் மாலை. சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எதற்கு அடியில் வைப்பது என்று ஒரு சர்ச்சை நடந்து, கடைசியில் தாங்கிப் பலகைக்கு அடியில் வைத்தார்கள். மாமாவை நாற்காலியோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தியிருந்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. மாமி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார்.

டக். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். டக்.

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு மீண்டும் பொத்தானை அழுத்தினார். இரண்டு துளைகளிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சும்மா தண்ணீர் இல்லை, மஞ்சள் தண்ணீர். என் சட்டை, படகு மோட்டார்க்காரரின் முகம், ஆடிட்டரின் மடிப்புக் கலையாத புது வேட்டி எல்லாம் மஞ்சள்.

ஆடிட்டர் மெல்ல வாயைத் திறந்தார். “நான்தான் காலையில... இத்தனை நாள் தகராறு பண்ணினேனே, மனசு கேக்கல. என் பங்குல ரெண்டு குடம் கொண்டுவந்து, மஞ்சள் கரைச்சு, கொஞ்சம் கங்கை ஜலமும் சேர்த்து டிரம்மில ஊத்தி, குழாயைத் திறந்து விட்டுட்டேன்.”

“சுவத்துல எழுதியிருக்கே, பாக்கலையா?” என்றேன் நான்.

“படிச்சேன். ஆனா எந்தப் பூஜையானாலும் ஜலம்தானே ஓய் முதல்ல?”

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். அத்தனை மாத உழைப்பு. இன்றைக்கு ஆடிட்டர் தொலைந்தார் என்று நினைத்தேன். அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தோம். மாமா சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்தான் சிரித்தது. உடம்பு முழுக்கக் குலுங்கியது. ஆடிட்டரின் வேட்டியை இடது கையால் காட்டிக் காட்டி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மாமி ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது மஞ்சள் தண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

“எல்லாம் வெளிய வந்துட்ச்சி மாமி. பிளக்கை மாட்டி ஓட்டலாம்” என்றார் படகு மோட்டார்க்காரர்.

“வந்துடுத்துன்னு யார் சொன்னா? நான் பாக்கணும்” என்று மாமி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இஞ்சின் திரும்பவும் துண்டு துண்டானது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெய்து முடித்து, அடையாறு கடலில் சேருகிற இடத்தில் மணல்மேடு உடைந்து வழி திறந்துகொண்டது. கடல்நீர் உள்ளே ஏறி, ஆற்றின் வாடைகூடக் குறைந்திருந்தது. பொங்கலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதே மீன்பாடி வண்டியில் வாட்டர் ஸ்கூட்டர் பட்டினப்பாக்கம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மாமாவைச் சம்மதிக்க வைக்க மாமி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தன்னை நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் அவருக்குக் கூச்சம்.

மாமி அன்று மடிசார் கட்டி வந்தார். சாதாரணமாகக் கட்டமாட்டார். “என்ன மாமி, விசேஷமா?” என்றேன். “ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரணுமே. இதை விட்டா எது சௌகரியம்?” என்றார். மடிசாருக்கு மேல் மீனவர்கள் கொடுத்த மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கரையோரத் தண்ணீரில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை கக்கி, ஒரு செருமல் செருமி, சீராக ஓடியது. குப்பத்துப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஆடிட்டர் தேங்காய் உடைத்தார். இந்த முறை முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு.

மாமியின் முகம் மட்டும் தெளியவில்லை. இஞ்சினை நிறுத்தினார். “ரெண்டாவது சிலிண்டர் பக்கம் ஒரு சத்தம் கேக்கறது. கடகடன்னு. கழட்டிப் பாத்துடலாம்.”

“இங்கியா?” என்று அலறினார் படகு மோட்டார்க்காரர். “தண்ணி வடிய ஆரம்பிச்சிட்டா கடலுக்கு இஸ்த்துக்கினு போயிரும் மாமி. போறதுனா இப்பவே போவணும். இல்லாங்காட்டி வூட்டுக்கு எட்த்துனு போயிரலாம்.”

வீட்டுக்குத் திரும்பினால் மாமா இன்னொரு தடவை வாசற்படி இறங்கமாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். ஆனால் பாதி வழியில் இஞ்சின் நின்றால், கையும் காலும் வராத மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மாமி கையில் ஸ்பேனர் இருந்தது. குனிந்துவிட்டார்.

“வே... ண்டாம்.”

மணலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மாமா பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தார்.

“கிளிப்பு... குழாய்க் கிளிப்பு. ஆடறது. இஞ்சின்... நன்னா இருக்கு.”

மாமி நிமிர்ந்தார். அவர் வாயில் அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். நீங்க பாத்தேளா? அது வரப்போகிறது, இந்த மனிதர் திரும்பவும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன்.

மாமி அவரைப் பார்த்தார்.

“சரின்னா,” என்றார். ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

மீனவர்கள் இருவர் மாமாவைத் தூக்கிப் போய் மாமியின் பின்னால் உட்காரவைத்து, ஒரு துண்டால் இருவரையும் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். அவருக்கும் ஒரு மிதவைச் சட்டை. நான் முழங்கால் தண்ணீரில் நின்று அவர் காலை எடுத்து வைத்தேன். அவர் இடது கையால் என் தோளைத் தட்டினார்.

“தேங்... காய்” என்றார்.

“அத்த அப்பவே ஒடச்சாச்சே நைனா!” என்றார் மீனவர்.

அவர் சொன்ன தேங்காய் வேறு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தலையை ஆட்டினேன். இஞ்சின் கிளம்பியது. மடிசாரும் வேட்டியும் நனைய இரண்டு பேரும் மெதுவாகத்தான் போனார்கள், ஒரு நல்ல ஓட்டக்காரன் கரையோடு கூடவே ஓடிவிடுவான். ஆற்றுக்கு நடுவே பாதியில் இடிந்து நிற்கிற உடைந்த பாலம் வரை போய், அங்கே ஒரு வட்டம் அடித்துத் திரும்பினார்கள். வட்டம் அடிக்கும்போது மாமாவின் இடது கை மேலே தூக்கியிருந்தது. ஆடிட்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை, பால் வாங்கும்போது மாமியைக் கேட்டேன். “அந்தச் சத்தம் என்னன்னு கழற்றிப் பார்த்தீங்களா மாமி?”

“எதுக்கு? அவர்தான் கிளிப்புன்னாரே” என்றார் மாமி. சொல்லிவிட்டு ஜாடியில் பாலை ஊற்றி, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுக் குனிந்தார். பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸுக்குப் போகிற வழியில் கபாலி கோயில் வாசலில் ஒரு தேங்காய் வாங்கி, மாமா பேரைச் சொல்லிச் சிதறுகாயாக ஓங்கி அடித்தேன். இதை மாமியிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், காய் நன்றாக இருந்ததா, உள்ளே பாத்தேளா என்று கேட்டிருப்பார். நான் பார்க்கவில்லை.